அசையாத கம்பம்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைத் தபால்காரர் மட்டும்தான் பயன்படுத்தினார். மற்ற எல்லோருக்கும் அவர் ‘சந்தேகம்’.

வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். பதிவு அலுவலகத்தில் திருமணத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டியபோது, அது எழுதுகிறதா என்று முதலில் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தவர். பக்கத்தில் நின்ற மணப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தம்பி அடக்கவில்லை. “அத்தானுக்கு எதுலயும் சந்தேகம்தான்” என்று அலுவலகமே கேட்கச் சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது. சூட்டியவன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த மச்சான் மேல் யாருக்குமே கோபம் வராது.

ஏரிக்கு இறங்கும் சரிவுப் பாதையின் கடைசியில் அவருடைய பட்டறை. தகரக் கூரை, மூன்று பக்கம் செங்கல் சுவர், ஏரியைப் பார்த்த பக்கம் திறந்தவெளி. உடைந்த பைபர் படகுகளை ஒட்டிக் கொடுப்பது தொழில். உள்ளே நுழைந்தால் ரெசின் பசையின் நெடி மூக்கைத் துளைக்கும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூள் சட்டைக்குள் புகுந்து நாள் முழுக்க அரிக்கும். அவர் துணிகளை அவர் மனைவி தனி வாளியில்தான் ஊறவைப்பாள். ஒட்டிய இடத்தை அவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், மேலே ஏறி நின்று பார்ப்பார், மறுநாள் காலையில் வந்து இன்னொரு தரம் தட்டிவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார். அவர் ஒட்டியது விட்டுப்போனதாக யாரும் திரும்பி வந்ததில்லை.

மச்சான் ஏசி மெக்கானிக். நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு வேலை செய்பவன், ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கு வந்துவிடுவான். தூண்டில்காரர் ஒருவர் விற்ற பழைய படகை வாங்கியிருந்தான். ஒடுங்கலான உடம்பு, பின்னால் ஒரு மோட்டார், நெருக்கி உட்கார்ந்தால் நாலு பேர். அவனுக்கு ஒரே மகள். கல்லூரியில் கடைசி வருடம். அக்கரையில் இருந்த சங்கத்தில் சேர்ந்து, படகு இழுக்க இழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் பலகையில் நின்று போகப் பழகியிருந்தாள். அலையில் ஏறி அந்தரத்தில் குதித்து, மறுபடி தண்ணீரில் இறங்குவாள்.

மச்சானின் படகில் கயிற்றைக் கட்டப் பின்பக்கத்து வளையம்தான் இருந்தது. கயிறு தாழப் போய் மோட்டார் மேல் உரசியது. ஒருமுறை விசிறிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளவும் பார்த்தது. அதனால் உயரத்தில் கயிறு கட்ட ஒரு கம்பம் வேண்டும் என்று மச்சானும் மகளும் சந்தேகமும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் மூன்று கம்பங்களைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“இது பின்னாடி வளையத்துலயே மாட்டிக்கறது, முழங்கால் உயரம். கயிறு மோட்டாரைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். இது தரையில போல்ட் போடறது, இடுப்பு உயரம். இது மூணாவது, ரெட்டைக் குழாய். இறக்கி வச்சா இடுப்பு உயரம், உள்குழாயை ஏத்தி லாக் பண்ணா ஆள் உயரத்துக்கு மேல நிக்கும்.”

பெண்ணின் கண் மூன்றாவதை விட்டு நகரவில்லை. “மேல இருந்து இழுத்தா குதிக்கறப்ப நம்மளத் தூக்கிக் குடுக்கும் மாமா. இன்னும் கொஞ்சம் காத்துல நிக்கலாம்.”

“உங்க போட் எவ்வளவு அகலம்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“சின்னதுதாங்க. ஆனா பொருத்தப் போறது யாரு தெரியுமா? எங்க அத்தான்” என்றான் மச்சான், அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி. “அவர் போட்ட ஆணிய எமனே வந்தாலும் பிடுங்க முடியாது.”

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். கேட்ட கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது. சந்தேகம் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் மண்டி போட்டுக் கம்பத்தின் அடித்தட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். தட்டு எத்தனை கனம், பற்றவைப்பு உள்பக்கமும் உண்டா, போல்ட் எந்த எஃகு, குழாய்க்குள் தண்ணீர் நின்றால் எங்கே வடியும் என்று அவர் கேட்கக் கேட்கக் கடைக்காரருக்கு நெற்றி வேர்த்தது. “விடுங்க அத்தான், கம்பத்துக்கே வேர்த்துடும் போல” என்றான் மச்சான்.

மூன்றாவது கம்பத்தைத்தான் வாங்கினார்கள்.

மறுநாள் படகை வண்டியோடு பட்டறைக்குள் தள்ளி நிறுத்தினார்கள். சந்தேகம் கால்மிதி விரிப்பைச் சுருட்டிவிட்டுச் சுத்தியல் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் டொக் டொக்கென்றது. நடுவுக்கு வந்ததும் சத்தம் மாறியது. ஈரத் துணிமூட்டையில் தட்டியது போல, பதிலே வராத ஒரு சத்தம்.

“இதுல போட முடியாது மாப்ள.”

“ஏன்?”

“தரை செத்துப் போச்சு.”

சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த மச்சான் நிறுத்தினான். பிறகு திரும்பி, வாசலில் நின்ற தமக்கையிடம், “அக்கா, உன் வீட்டுக்காரர் ஆரம்பிச்சுட்டாரு” என்றான்.

சந்தேகம் டிரில்லை எடுத்து ஒரு துளை போட்டார். சுற்றி வந்தது மரத்தூள் இல்லை. கறுத்த, கூழான ஏதோ ஒன்று. அதை உள்ளங்கையில் வாங்கி மச்சானின் மூக்குக்கு நேரே நீட்டினார். குளத்தடிச் சேற்றின் வாடை. அவன் முகம் சுருங்கியது.

“இதுமேல கம்பத்த நிறுத்தி உன் பொண்ணு முழு வேகத்துல இழுத்தான்னு வை. தரையோட பேத்துக்கிட்டு வரும். எங்க போகும்? கயிறு எங்க இருக்கோ அங்கதான். அவ முகத்துக்கு நேரா.”

பெண் தன்னையறியாமல் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“என்ன பண்ணணுமோ பண்ணுங்க அத்தான்” என்றான் மச்சான் கடைசியில், குரலை இறக்கி.

அன்றிலிருந்து சந்தேகத்துக்குச் சோறு தண்ணீர் மறந்துபோனது. தரையை அறுத்துத் திறந்தார். படகு மூழ்காமலிருக்கக் கீழே அடைத்திருந்த ஃபோம் பல வருடத் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடந்தது. பிழியப் பிழியப் பழுப்பு நீர் ஓடியது. அதைச் சாக்கில் அள்ளினால் ஒரு சாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அத்தனையையும் வெளியே கொட்டிவிட்டுப் படகின் வயிற்றைக் காயவைத்தார். புது ஃபோம் பஞ்சுபோல் கனமில்லாமல் உள்ளே போனது. நெடுக்குச் சட்டங்களை இழை சுற்றிப் பலப்படுத்தி, மேலே புதுப் பலகை வைத்து, கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டினார். கம்பம் நிற்கும் இடத்துக்குக் கீழே பெரிய எஃகுத் தகடு கொடுத்து, மேலிருந்து கீழ்வரை ஊடுருவிப் போகும் போல்ட்டுகளை முடுக்கினார். கம்பத்திலிருந்து படகின் முன்மூக்கு வளையத்துக்கு ஒரு வார் இழுத்துக் கட்டினார்.

வீட்டில் சாப்பிடும்போதும் அவர் கண்ணுக்குள் ஒரே காட்சிதான் ஓடியது. தரை பிளக்கிறது, கம்பம் பிடுங்கிக்கொண்டு பறக்கிறது, அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றுவிடும். “எங்க இருக்கீங்க?” என்பாள் மனைவி.

வேலை முடிந்த அன்று சோதித்துப் பார்த்தார். பட்டறையின் ஒரு பக்கச் சுவரோரம் எஞ்சின் தூக்குகிற இரும்புத் தூண் ஒன்று உண்டு. ஏற்றி நிறுத்திய கம்பத்தின் உச்சியில் சங்கிலியை மாட்டி, மறுமுனையைத் தூணில் கட்டி, கப்பியை முறுக்கினார். சங்கிலி விறைத்தது. முறுக்க முறுக்கக் கம்பத்தின் அடியில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு மயிரிழை விலகுகிறதா என்று பார்த்தார். விலகவில்லை. இன்னும் முறுக்கினார். படகு சுமந்த வண்டியின், தூணுக்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு மெல்ல எழும்பியது.

“மாமா, போட்டே சாயுது, கம்பம் அசையல” என்று பெண் சிரித்தாள். மச்சான் கை தட்டினான். மனைவியும் சிரித்தாள். எப்போதும் எதையாவது முணுமுணுக்கும் சந்தேகமும் அன்றைக்கு, எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை நாலு பேரும் பார்த்தார்கள். அது என்ன சொல்கிறது என்று நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் ஞாயிறு கம்பத்தை இறக்கிவைத்தே ஓட்டச் சொன்னார். படகு முன்னைப்போல் இல்லை, துள்ளியது. “பறக்குது அத்தான், பாரமே தெரியல” என்று மச்சான் மோட்டார் இரைச்சலுக்கு மேல் கத்தினான். ஊறிய ஃபோம் போனதுதான் காரணம் என்று சந்தேகத்துக்குத் தெரிந்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. இவ்வளவு நாள் அடிவயிற்றில் கிடந்த அந்தப் பாரம்தான் படகைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்திருந்தது என்பது அவர் மனதில் ஓடவில்லை. கரைக்கு வந்ததும் விரிப்பைத் தூக்கி ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். முடுக்கியது முடுக்கியபடி இருந்தது.

“இப்பவாவது ஏத்தலாமா மாமா?”

ஒரு முழு வாரம் யோசித்துவிட்டு அவர்தான் சொன்னார், “ஏத்திக்கோ” என்று.

அன்று காற்றே இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. மச்சானின் மனைவிக்குத் தண்ணீர் என்றாலே பயம். அவள் கரையிலேயே நின்றுகொண்டாள். மச்சான் ஓட்டினான். மிதவைச் சட்டையை எடுத்து இருக்கைக்கு அடியில் திணித்தான். “ஓட்டறவனுக்கு எதுக்கு, குறுக்க குறுக்க நிக்கும்” என்பது அவன் வழக்கமான பதில். பின்னால் பார்த்து உட்கார்ந்து, பெண் விழுந்தால் குரல் கொடுக்கும் வேலை சந்தேகத்தின் மனைவிக்கு. அவர் தரையில், இடது ஓரமாக, கம்பத்தின் அடியை ஒட்டி உட்கார்ந்தார். மிதவைச் சட்டையைப் போட்டு, கொக்கியை நம்பாமல் வார்களை ஒன்றோடொன்று முடிச்சும் போட்டிருந்தார். உள்ளங்கையை அடித்தட்டில் பதித்துக்கொண்டார். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள், அவர் போல்ட்டுகளைப் பார்த்தார்.

அவள் முதல் தடவை குதித்தபோது கம்பத்தின் வழியாக ஒரு அதிர்வு அவர் கைக்கு வந்தது. அடித்தட்டு அசையவில்லை. இரண்டாவது தடவையும் அசையவில்லை. மனைவி மேலே எதையோ சொல்லிச் சிரித்தாள். மச்சான், “எப்பிடி அத்தான்?” என்று கத்தினான். அவர் தலை நிமிராமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஏரியின் முனைக்கு வந்ததும் மச்சான் இடப்பக்கம் திருப்பினான். திரும்பும்போது படகு இயல்பாகவே அந்தப் பக்கம் சாயும். அதே நேரத்தில் அவளும் இடப்பக்கமே வெட்டிக்கொண்டு போனாள், அடுத்த குதிப்புக்கு வேகம் சேர்க்க. அவளைப் பார்ப்பதற்காக மனைவி எழுந்து இந்த ஓரத்துக்கு வந்தாள். ஆள் உயரத்துக்கு மேலிருந்து கயிறு பக்கவாட்டில் இழுத்தது. அடித்தட்டு இம்மி நகரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது முதுகு நனைந்தது. தெறித்த தண்ணீர் என்றுதான் நினைத்தார். அது நிற்கவில்லை. ஓரப் பலகை முழுவதுமாகத் தண்ணீருக்குள் போயிருந்தது. “கயித்த விடு” என்று மனைவி கத்தியது கேட்டது. மச்சான் பயந்து வேகத்தைச் சட்டென்று குறைத்தான்; பின்னால் துரத்தி வந்த சொந்த அலையே படகுக்குள் ஏறியது. கம்பம் மெதுவாக, மரம் சாய்வதுபோல், வானத்திலிருந்து தண்ணீருக்கு இறங்கியது. படகும் அதனோடு போனது.

அவர் மேலே வந்தபோது படகின் அடிவயிறு வெயிலில் பளபளத்தது. மனைவி இருமிக்கொண்டே அதைப் பற்றிக்கொண்டிருந்தாள். பெண் தூரத்திலிருந்து நீந்தி வந்தாள்.

“தம்பி எங்க?” என்றாள் மனைவி.

அவர் முங்கித் தேடப் பார்த்தார். மிதவைச் சட்டை விடவில்லை. தலையை உள்ளே தள்ளினால் உடம்பைத் தூக்கி மேலே எறிந்தது. கழற்றலாம் என்று கை கொக்கிக்குப் போனது, அங்கே அவர் முடிச்சுகள் இருந்தன. நனைந்து இறுகிப்போயிருந்தன. நகம் பிய்யப் பிய்ய அவர் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தபோது, பெண் தன் மிதவைச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே போனாள். வந்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடி போனாள். “கை கிடைக்குது மாமா, வர மாட்டேங்குது” என்றாள் ஒருமுறை. ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் அவன் சிக்கியிருந்தான். சங்கத்துப் படகு வந்து இரண்டு பேர் குதித்து வெளியே எடுத்தபோது அவனிடம் ஒரு காயம்கூட இல்லை. உதட்டில் மட்டும் நீலம்.

படகைத் தூக்க மறுநாள் கிரேன் வந்தது. நிமிர்த்திப்போட்ட பிறகு வாரை எங்கே மாட்டுவது என்று ஓட்டுநர் சுற்றிப் பார்த்தார். விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி கம்பத்தைப் பிடித்து இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். “இதுலயே மாட்டித் தூக்குங்க. மலை மாதிரி நிக்குது.” தண்ணீர் நிறைந்த படகு முழுவதும் அந்த ஒற்றைக் கம்பத்தில் தொங்கியபடி மேலே போனது. தண்ணீர் நாலாபக்கமும் ஊற்றியது. கம்பம் அசையவில்லை.

“யாரு பொருத்தினது?” என்றார் அதிகாரி.

“நான்தான்.”

“நல்ல வேலைங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. சின்ன போட்டு, உசரமான கம்பம், எல்லாரும் ஒரே பக்கம். என்ன செய்ய முடியும்?”

சந்தேகம் தலையை ஆட்டினார். சரிவில் ஏறி வீட்டுக்கு நடந்தார். அந்தப் பாராட்டு நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, மச்சானின் மனைவி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கரகரத்திருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். “நீங்க உங்களையே போட்டு வாட்டிக்காதீங்க அண்ணா. நீங்க போட்டது கொஞ்சம்கூட அசையலையாமே. அந்த சார் சொன்னாரு.”

“அசைஞ்சிருக்கணும்மா” என்றார் அவர்.

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் சொன்னார். அந்தப் பழைய தரையாக இருந்தால் கம்பம் பெயர்ந்து போயிருக்கும். பெண்ணுக்கு அடிபட்டிருக்கலாம், படாமலும் இருந்திருக்கலாம். ஆனால் படகு கவிழ்ந்திருக்காது. இழுத்த இழுப்பு முழுவதையும் படகின் தலையில் கட்டியது தன் போல்ட்டுகள்தான். ஏற்றிக்கொள்ளச் சொன்னதும் தான்தான். எது உடையும் என்று மட்டுமே தான் யோசித்தது, உடையாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அவரை ஏசவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை.

பெண் அவரை வெறுக்கவில்லை. அது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது. படிப்பை முடித்துவிட்டு, ஏரியே இல்லாத ஒரு நகரத்தில் வேலை தேடிக்கொண்டு போனாள். எப்போதாவது அத்தைக்குப் போன் செய்வாள். “மாமா சாப்பிடறாரா?” என்று கேட்பாள். அவர் பக்கத்தில் இருந்தாலும் போனை வாங்குவதில்லை.

பட்டறையை அவர் மூடவில்லை. படகுகளை மட்டும் விட்டுவிட்டார். தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஒட்டுப் போட்டார், கூரைத் தகடுகள் செய்தார். யாராவது கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, அகலம் என்ன, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டுவிட்டு, இரண்டாவது தெருவில் இருக்கும் இன்னொரு பட்டறையைக் காட்டுவார்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் உட்கார்ந்து மனைவி அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்திருந்தார். நூலை அறுக்காமலே அவள் கேட்டாள்:

“வேற யாருக்காவதா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“எதை?”

“கம்பத்தை. இதே மாதிரி போட்டுக் குடுத்திருப்பீங்களா?”

அவர் நிறைய யோசித்தார். பொய் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

“இல்ல” என்றார். “இவ்வளவு நல்லா யாருக்கும் போட்டிருக்க மாட்டேன்.”

அவள் தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து அவர் மடியில் வைத்தாள். பிறகு எழுந்துபோய் விளக்கைப் போட்டாள்.